கடற்றொழில் சோதினை

சிங்கராசாவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் காதில்தான் தெரியும். இரண்டு காதும் சிவந்துபோகும். சங்குவாடியில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அன்று அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலுக்குச் சட்டைகூடப் போடாமல் பாடசாலைப் பக்கம் நடந்தபோது, கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் அவருடைய காதைப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த வாத்தியாருக்கோ நல்ல பூசை கிடைக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு இரண்டு மூன்று பேர் பின்னாலேயே போனார்கள்.

பேசாலையிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குப் போகிற வழியில், மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் கிடக்கிற ஊர் சங்குவாடி. ஒரு கோயில், ஒரு பாடசாலை, ஒரு கூட்டுறவுச் சங்கக் கடை, மிச்சமெல்லாம் கடல். சிங்கராசா அங்கே சம்மாட்டி. அதாவது வள்ளங்களும் வலைகளும் அவருடையவை. அவற்றில் தொழிலுக்குப் போகிறவர்கள் அவருடைய ஆட்கள். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. வீட்டில் மனைவி எடித் மட்டும் எப்போதாவது மறுத்துப் பேசுவாள், அதுவும் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

அவர்களுக்கு ஒரே மகன், பஸ்ரியன். அவனைக் கடலுக்குக் கொடுப்பதில்லை என்று சிங்கராசா அவன் ஞானஸ்நானத்தன்றே முடிவெடுத்துவிட்டார். மற்றப் பொடியன்கள் பள்ளி விட்டதும் வள்ளத்தில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்க, பஸ்ரியன் வீட்டுக்குள் கதிரையில் இருந்து படிக்க வேண்டும். தப்பித்தவறிக் கரைக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடாது. "என்ர பிள்ளை கந்தோரில காத்தாடிக்குக் கீழ இருந்து கையெழுத்துப் போடுற பிள்ளை" என்று அவர் சொல்லும்போது, அந்தக் கந்தோரில் ஒரு கதிரையை ஏற்கெனவே வாங்கிப் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

அந்தப் பாடசாலையும் காலத்துக்குக் காலம் கோலம் மாறிக்கொண்டுதான் வந்தது. கத்தோலிக்கச் சுவாமிமாரின் கையில் இருந்தபோது வேதபாடமும் கணக்கும் இங்கிலிஸும் இருந்தன. குருமடத்துக்குப் போகக்கூடிய பொடியன்களுக்குக் கொஞ்சம் லத்தீனும் ஊட்டினார்கள். சிங்கராசா படித்தது அந்தக் காலத்தில். இன்றைக்கும் பழைய பூசைச் செபங்களை லத்தீனில் தங்குதடையில்லாமல் சொல்லுவார். ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாது. பிறகு அரசாங்கம் பாடசாலையை எடுத்தது. இங்கிலிஸ் மெலிந்தது. குடியியல், சுகாதாரம், சரித்திரம் என்று வேறு பாடங்கள் வந்து குந்தின. விஞ்ஞானம் வேண்டுமென்றால் பட்டினத்துக்குப் போக வேண்டும். சிங்கராசா எதற்கும் வாய் திறக்கவில்லை. என்ன கோதாரியைப் படித்தாலும் கடைசியில் ஜி.சி.ஈ. என்று ஒரு சோதினை இருக்கிறது, அதில் தேறினால் கந்தோர் இருக்கிறது, அவருக்கு அது காணும்.

எழுபத்திரண்டாம் ஆண்டு வந்த மாற்றம் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது. இனி ஜி.சி.ஈ. இல்லை, என்.சி.ஜி.ஈ. என்று ஒன்று வருகிறது என்றார்கள். கலை, விஞ்ஞானம் என்ற பிரிவெல்லாம் இல்லை, எல்லாப் பிள்ளையும் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும். அதோடு தொழில் முன்னிலைப் பாடம் என்று, அந்தந்த ஊருக்கு ஏற்ற தொழில் ஒன்றையும் படித்துத் தேற வேண்டும். முருங்கன் பக்கத்து வயல் ஊர்களுக்கு நெற்செய்கை. சங்குவாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பனையோலைப் பின்னல், ஆண்பிள்ளைகளுக்குக் கடற்றொழில்.

சிங்கராசாவின் காது சிவந்தது இதற்குத்தான்.

கடற்றொழிலைப் படிப்பிக்க நியமிக்கப்பட்டவர் நவரத்தினம் மாஸ்டர். முருங்கன் பக்கத்து வேளாண்மைக் குடும்பம், அதுவரை பூமிசாத்திரம் படிப்பித்தவர். கொழும்பில் சில நாள் பயிற்சியும் ஒரு தடித்த புத்தகமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஈர மணலில் நடப்பதென்றாலே காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டுகிற மனிதர்.

"சேர், கேக்கிறனெண்டு கோவிக்காதேங்கோ" என்று சிங்கராசா வகுப்பு வாசலில் நின்று தொடங்கினார். "மீன் பிடிக்கிறதுக்கோ நாங்கள் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பினனாங்கள்? அதுக்கு நாலு அடி போட்டு வள்ளத்தில ஏத்தி விட்டாக் காணும். வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் என்னத்துக்கு?"

"எனக்கு விளங்குது சம்மாட்டியார்" என்றார் நவரத்தினம். "நான் கேட்டு வாங்கின பாடமில்லை. மேலிடத்து உத்தரவு. இதில தேறாட்டி மற்றப் பாடம் எல்லாத்திலயும் தேறியும் பிரயோசனமில்லை."

"கொழும்பில இருக்கிறவையின்ர பிள்ளையளுக்கும் வலை இழுக்கிற பாடமோ?"

நவரத்தினம் சுற்றிவரப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உண்மையைச் சொல்லுறன், எனக்குக் கடல் தெரியாது. நீங்கள் இடைக்கிடை வந்து பிள்ளையளுக்குச் சொல்லித் தந்தியளெண்டால் பெரிய உதவி."

நல்ல மனதோடு கேட்ட வார்த்தை அது. ஆனால் சிங்கராசாவுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரிப் போய்விட்டது. எந்தத் தொழிலிலிருந்து மகனைக் காப்பாற்ற இத்தனை வருஷம் காவல் நின்றாரோ, அதை அவரே வந்து படிப்பிக்க வேண்டுமாம்.

"அந்தோனியாராணை" என்று அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். "கடலைப் பற்றி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ர வாயால ஒரு சொல்லும் வராது. புத்தகத்தில கிடக்கிறதை நீங்களே படிப்பியுங்கோ."

யன்னலில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சங்குவாடியில் அந்தோனியார் மேல் ஆணையிடுவது விளையாட்டுக் காரியமில்லை. காணாமல் போன பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். ஆணையை மீறினால், இருக்கிறதையும் காணாமல் ஆக்கிவிடுவார் என்பது ஊரின் பயம். திரும்பி வரும்போதே சிங்கராசாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சரியில்லாமல் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பஸ்ரியன் கெட்டிக்காரன். எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் கரைத்துக் குடித்துவிடுவான். கடற்றொழிலையும் அப்படியே குடித்தான். வலையின் வகைகள், கண்ணின் அளவு, நீரோட்டம், மீன் பெருகும் மாதங்கள் என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். வகுப்பில் இருந்த, வள்ளத்தில் வளர்ந்த மற்ற மூன்று பொடியன்களும் எழுத்துச் சோதினையில் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, வள்ளத்தில் ஏறியே அறியாத பஸ்ரியன் முதலாவதாக வந்தான். சிங்கராசா வெளியில் உறுமிக்கொண்டு உள்ளுக்குள் பூரித்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவன் கேட்டான். "அப்பா, சோழகக் காத்துக்கு எங்கட பனங்கூடல் மறைப்புக் குடுக்குமாம். அந்த மறைப்புக் கடலுக்குள்ள எவ்வளவு தூரத்துக்கு வரும்?"

சிங்கராசாவின் கை சோற்றில் நின்றது. நல்ல கேள்வி. அந்தக் கரையில் உயிர் தங்கியிருக்கிற கேள்வி. சோழகம் தெற்கிலிருந்து வருகிற காற்று. தீவைக் கடந்து வடக்குக் கடலுக்குள் இறங்கும். பனங்கூடலின் மறைவில் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடக்கும்; பார்க்கிறவனுக்குக் குளம் என்று தோன்றும். மறைவு முடிகிற இடத்தைத் தாண்டினால்தான் காற்று கை வைக்கும். அங்கே துடுப்பு வள்ளம் அகப்பட்டால், போகிற பக்கம் வடக்குத்தான், திரும்பி வருகிற பக்கம் இல்லை. கோயில் கோபுரச் சிலுவை பனை உச்சிக்கு மேலே முழுதாகத் தெரியத் தொடங்கினால் அந்த எல்லை வந்துவிட்டது என்று கணக்கு. இதை அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் மகனுக்குச் சொன்னால் அவன் நாளைக்கு அதை வகுப்பில் சொல்லுவான். அது பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது ஆகாதா? ஆணை ஆணைதானே?

"புத்தகத்தில பார்" என்றார்.

"புத்தகத்தில இல்லையப்பா."

"இல்லையெண்டால் சோதினைக்கு வராது. சாப்பிடு."

எடித் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பிள்ளை கேட்டால் சொல்லிக் குடுத்தால் என்ன? அந்தோனியார் உங்களை மாதிரிப் பிடிவாதக்காரரில்லை." அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு பஸ்ரியன் கடலைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் செய்முறைச் சோதினை வந்தது. நவரத்தினம் பெற்றாரைக் கூப்பிட்டு விளக்கினார். ஆண்பிள்ளைகள் நாலு பேரும் ஒரு வள்ளத்தில் போய், கடலில் போட்டிருக்கும் மிதவைக்குப் பக்கத்தில் வலையைப் பாய்ச்சி, திரும்ப இழுத்து, கரைக்குக் கொண்டுவர வேண்டும். புள்ளி போடக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். அவர் வருவது ஒரு நாள்தான். தவறினால் பாடம் தவறியது; பாடம் தவறினால் சான்றிதழ் இல்லை, மேல் வகுப்பும் இல்லை.

"இன்னொண்டு" என்றார் அவர். "பெரிய ஆக்கள் ஒருத்தரும் வள்ளத்தில ஏறக்கூடாது. கரையிலயிருந்து சொல்லிக் குடுக்கவும் கூடாது. சோதினை மண்டபத்தில எப்பிடியோ, அப்பிடித்தான்."

வேறு ஊராக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பொடியன்களைத் துணையில்லாமல் கடலுக்கு விட்டு, கரையில் இருந்து பேசவும் கூடாதாம். ஆனால் சங்குவாடிக்காரருக்குச் சோதினை என்ற சொல் கோயில் மணி மாதிரி. பள்ளிக்கூடத்து விஷயத்தில் வாத்தியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். கடலில் யாருக்கும் தலை குனியாத மனிதர்கள், வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கிற வாங்கில் நெருக்கியடித்து இருந்துகொண்டு, "ஓம் சேர், ஓம் சேர்" என்று தலையாட்டினார்கள். சிங்கராசாவும் ஆட்டினார்.

முதல் நாள் பின்னேரம் நவரத்தினம் மிதவை போடப் போனார். சிங்கராசாவின் ஆள் அமிர்தநாயகம்தான் வள்ளம் வலித்தார். அவருடைய மகன் கிளமென்றும் சோதினைக்குப் போகிறவன். புத்தகத்தில் ஓர் ஆழம் சொல்லியிருந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, அந்த ஆழம் கிடைத்த இடத்தில் நவரத்தினம் "இஞ்ச போடலாமே?" என்றார். "ஓம் சேர்" என்றார் அமிர்தநாயகம். கேட்டது கேள்வியா கட்டளையா என்று அவருக்குத் தெரியவில்லை.

சிங்கராசா கரையிலிருந்து அந்தச் சிவப்பு மிதவையைப் பார்த்தார். மறைவுக்கு வெளியே கிடந்தது அது. நல்லாய் வெளியே. ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதை இழுத்துக் கிட்டப் போட்டுவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அது வினாத்தாளில் கை வைப்பது மாதிரி. நாளைக்குப் பிடிபட்டால் மகனின் சோதினையைத் தகப்பனே கெடுத்தான் என்று ஆகிவிடும். காற்று இல்லாவிட்டால் மிதவை எங்கே கிடந்தாலும் ஒன்றுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்தபோது காற்று இல்லை. அதுதான் அவரை உலுப்பியது. சோழக மாதத்தில் காற்று அப்படி ஒரேயடியாக ஒழிந்து போவதில்லை. போனால், எங்கேயோ கூடிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். பனையோலை ஒன்றும் அசையவில்லை. தெற்கே வானம் அடியில் மண்ணிறமாக இருந்தது. காகங்கள் தரையில் இருந்தன. ஊரில் ஒருவனும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்களைத் தண்ணீர்க் கரையில் விடாமல், வழக்கத்தைவிட மேலே, அடம்பன் கொடி படர்ந்த மேட்டுவரை இழுத்து ஏற்றியிருந்தார்கள்.

கரையில் பாடசாலை மேசையும் கதிரையும் போட்டு, அதிகாரிக்கு ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு தடிகளை நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சோதினை மண்டபம், இந்தப் பக்கம் தகப்பன்மார். தாய்மார் எல்லாரும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். சோதினை நாளில் அவர்கள் இடம் அது. எடித்தும் அங்கேதான்.

"கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றார் அதிகாரி சந்தோஷமாக. பிறகு மேலே ஏற்றிக் கிடந்த வள்ளங்களைப் பார்த்தார். "ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லையோ மாஸ்டர்?"

"பிள்ளையளின்ர சோதினைக்காக ஊரே தொழிலை நிப்பாட்டிப்போட்டு வந்திருக்கு சேர்" என்றார் நவரத்தினம். அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

அதிகாரி எழுந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "இப்பிடிச் சனத்தை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை."

அப்படியில்லை ஐயா, இன்றைக்குக் கடல் சரியில்லை, அதுதான் நிற்கிறோம் என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் கும்பிட்டால், அந்தக் கும்பிடு பிழை என்று எப்படிச் சொல்வது? சிங்கராசாவும் திருப்பிக் கும்பிட்டார். கும்பிட்டபோது வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவர் பிற்காலத்தில் தன் முகத்தில் தானே அறைந்துகொண்ட நாட்கள் உண்டு.

அமிர்தநாயகம் பக்கத்தில் வந்து நின்றார். "சம்மாட்டி, சொல்லுங்கோவன்" என்று முணுமுணுத்தார்.

"நீ சொல்லன்."

"நான் சொல்லி ஆர் கேக்கிறது? நீங்கள் சொன்னாத்தான் எடுபடும்."

"என்ர வாய் கட்டிக் கிடக்கடா. ஊருக்கே தெரியும்."

நவரத்தினம் இங்கே பார்த்தார். சிங்கராசாவின் கண்ணையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மிதவையைப் பார்த்தார். திரும்பவும் சிங்கராசாவைப் பார்த்தார். இந்த ஆள் ஆணையை மீறுகிறானா என்று பார்க்கிறார் போலும் என்று சிங்கராசா நினைத்தார். அந்த எண்ணம் வந்ததும் காது சூடேறியது, உதடு தானாக இறுகியது. நான் வாய் திறந்து, சோதினை நின்று, அந்த அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டால், என் பிள்ளைக்கு என்ன மிச்சம்? இதே கரை, இதே வலை. கொழும்பில் பயிற்சி எடுத்தவருக்கு, இவ்வளவு தடித்த புத்தகம் படித்தவருக்கு, வானம் தெரியாமலா இருக்கும்? தெரியாவிட்டால் அவர் கேட்கட்டும்.

பொடியன்கள் வெள்ளைச் சட்டையோடு வள்ளத்தைத் தள்ளினார்கள். பஸ்ரியன்தான் அணித் தலைவன். எழுத்தில் முதலாவதாக வந்தவன் என்று அவனைப் பின்னால் சுக்கானில் இருத்தியிருந்தார்கள். ஏறுமுன் கரையைத் திரும்பிப் பார்த்தான். செருப்பில்லாத காலோடு, முழங்கால் தண்ணீரில் நின்று, முதலில் தகப்பனைப் பார்த்தான், பிறகு வாத்தியாரைப் பார்த்தான். இருவர் முகத்திலும் மறுப்பில்லை. ஏறிக்கொண்டான்.

வள்ளம் அசையாத தண்ணீரில் அழகாகப் போனது. மகன் சுக்கான் பிடிக்கிற விதத்தில் சிங்கராசா ஒரு பிழையும் காணவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனுக்கு இது எங்கிருந்து வந்தது? அதிகாரி தலையாட்டித் தலையாட்டி எழுதினார். வள்ளம் மிதவையை அடைந்தது. வலை இறங்கத் தொடங்கியது.

அப்போது பின்னால் பனங்கூடலில் ஒரு சத்தம் கேட்டது. ஓலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்கிற சத்தம். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மணல் வந்து பிடரியில் குத்தியது.

ஆணை, கயிறு, அதிகாரி, கந்தோர் எல்லாம் ஒரே நொடியில் பறந்தன. சிங்கராசா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார். "பஸ்ரியன்! திரும்படா! வலையை விட்டிட்டுத் திரும்பு! திரும்பு!"

"கரையிலயிருந்து சொல்லக்கூடாது" என்று அதிகாரி பழக்கதோஷத்தில் சொன்னார். அடுத்த மூச்சில் அவருடைய தாள்கள் எல்லாம் கடலுக்குமேல் பறந்தன.

காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது; குரல் நன்றாகக் கேட்டிருக்கும். கேட்டது. பஸ்ரியனின் தலை கரைப் பக்கம் திரும்பியதைச் சிங்கராசா கண்டார். அடுத்த கணம் அது மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு கரையோரத் தண்ணீரைத் தாண்டிக் கடல் வெள்ளையாகக் கிளம்பியது, வள்ளம் தெரியவில்லை.

ஊரே வள்ளங்களை நோக்கி ஓடியது. ஆனால் வள்ளங்கள் எல்லாம் மேலே, அடம்பன் கொடியில் கிடந்தன. புயலுக்குப் பயந்து இழுத்து ஏற்றிய அதே மனிதர்கள், இப்போது அவற்றை இறக்குவதற்குத் தோள் கொடுத்து, கத்தி, அழுது, விழுந்து எழும்பினார்கள். கோயிலிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

மூன்று பொடியன்களைக் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள். பஸ்ரியன் அவர்களோடு இல்லை.

கிளமென்ற், சாக்குப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி சொன்னான். "வலையை வெட்டி விடுவம் எண்டு நான் சொன்னனான். வலையை விட்டால் புள்ளி குறையுமெண்டு பஸ்ரியன் சொன்னவன். வலைதான் எங்களை இழுத்தது." அவன் சிங்கராசாவைப் பார்க்கப் பயந்து மணலைப் பார்த்தான். "நீங்கள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அப்பா சொல்லுறாரடா எண்டு சொன்னன். கரையிலயிருந்து சொன்னாக் கேக்கக்கூடாது, கேட்டால் சோதினையை ரத்தாக்கிப் போடுவினம், பாக்காதே எண்டு சொன்னவன்."

சிங்கராசா அந்த இடத்திலேயே இருந்துவிட்டார். அழுகை வரவில்லை. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டது தன் குரலைக் கேட்காமலல்ல, கேட்டுத்தான் என்பது அவருக்குள் இறங்கி, பிறகு ஒருநாளும் வெளியே வரவில்லை. தலைமன்னார்வரை, விடத்தல்தீவுவரை தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பெட்டியில்லாமல் பூசை வைத்தார்கள்.

நவரத்தினம் செத்தவீட்டுக்கு வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாளில் மாற்றம் வாங்கிக்கொண்டு வயற்பக்கம் போனதாகக் கேள்வி. சங்குவாடியில் அவரை ஏசாதவர் இல்லை. சிங்கராசா மட்டும் ஏசவில்லை. ஏசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

வருஷங்கள் போயின. அரசாங்கம் மாறியது. ஒரு பின்னேரம் நவரத்தினம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடியில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. சிங்கராசா எழும்பி, முற்றத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். எடித் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

"சம்மாட்டியார், அந்தப் பாடத்தை எடுத்துப்போட்டாங்கள்" என்றார் நவரத்தினம். "என்.சி.ஜி.ஈ.யே இனி இல்லையாம். பழையபடி ஜி.சி.ஈ. வருகுது. கணிதம், விஞ்ஞானம், வர்த்தகம்... பிள்ளையள் விரும்பினதை எடுக்கலாம். கடற்றொழிலை இனி ஒருத்தரும் கட்டாயத்துக்குப் படிக்கத் தேவையில்லை."

சிங்கராசா தலையசைத்தார். ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டுப் போன பாடம். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. சுவடு விட்டது அவர் வீட்டுக்குள் மட்டும்தான்.

"இதைச் சொல்லத்தான் வந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன்" என்றார் நவரத்தினம். "அதில்லை. அண்டைக்கு எனக்கு மனம் சரியில்லை. காத்து இல்லாமக் கிடந்தது என்னவோ மாதிரி இருந்தது. ஆனால் எனக்குக் கடல் தெரியாது. நீங்கள் அங்கதான் நிக்கிறியள், ஒரு சைகை காட்டினாலும் நிப்பாட்டுவம் எண்டு உங்கட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சம்மாட்டியார் சொந்தப் பிள்ளையை விடுறாரெண்டால் கடல் நல்லாத்தான் இருக்கும் எண்டு..."

"நான் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான் சேர்" என்றார் சிங்கராசா. "வாத்தியார் விடுறாரெண்டால் எல்லாம் படிச்சுத்தான் விடுவாரெண்டு. நீங்கள் கேப்பியள், கேட்டால் சொல்லுவம் எண்டு."

எடித் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இவ்வளவு காலமும் நான் கடலைத் திட்டிக்கொண்டிருந்தனான்" என்றாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள். அப்ப என்ர பிள்ளையை ஆர் பாத்தது?"

பதில் வேண்டும் என்று அவள் அங்கேயே நின்றாள். அவர்கள் இருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள்.